நாக்கு அறியாத சுவை

வன்னியின் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், தண்ணீர் தளும்பும். முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று. அங்கே ஊற்றங்கரையில் பிள்ளையார். வவுனியா வடக்கில் நெடுங்கேணி. ஏ9 வீதியோரம் கனகராயன்குளம், புளியங்குளம். உள்ளே போனால் முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, வவுனிக்குளம். நீர் நின்ற இடத்திலும் ஊறிய இடத்திலும் ஆட்கள் தங்கினார்கள், ஊர் உண்டானது.

அப்படி வாழ்ந்தவர்களிடம் தண்ணீரைத் தரம் பிரிக்கச் சொற்கள் இருந்தன. நல்லதண்ணி, சவர்த்தண்ணி, கயர்த்தண்ணி. எங்கள் அம்மம்மா புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் கிணற்றடிக்குத்தான் போவார். வாளியில் அள்ளி, ஒரு கை நீரை வாயில் வைத்துச் சற்று நிறுத்தி, பிறகு விழுங்குவார். பிடித்திருந்தால், "இதில பருப்பு அவியும்" என்பார். பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வாளியைக் கவிழ்த்துவிடுவார்.

பல ஆண்டுகள் கழித்து வேதியியல் படித்தபோதுதான் அவர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது விளங்கியது. கல்சியமும் மகனீசியமும் மிகுந்த வன்னீரில் பருப்பின் தோலிலும் கலச்சுவரிலும் உள்ள பெக்ரின் என்ற ஒட்டுப்பொருள் கல்சியத்தோடு பிணைந்து இறுகிப்போகும். எவ்வளவு விறகு எரித்தாலும் பருப்பு குழையாது. அம்மம்மா செய்தது நீர்ச் சோதனை. அவருடைய கருவி நாக்கும் அடுப்பும். உப்பு ஒரு லீற்றரில் கால் கிராம் அளவுக்குக் கூடினாலே நாக்கு சொல்லிவிடும். இரும்பு இருந்தால் துணியில் கறை விழும். வன்னீரானால் கேத்தலின் உள்ளே வெள்ளை படியும்.

இன்று நம் கிணறுகளுக்குள் இறங்கக்கூடிய சில பொருள்களுக்குச் சுவை இல்லை, நிறம் இல்லை, மணமும் இல்லை. அவற்றில் முதலாவது நைத்திரேற்று. அம்மம்மாவின் நாக்கு அதன் முன்னால் ஊமை. அந்தத் தண்ணீரில் பருப்பும் நன்றாக அவியும்.

ஒரு பை யூரியாவின் பயணம்

யூரியாப் பையில் உள்ள நைதரசன் காற்றிலிருந்து வந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். ஆனால் பயிருக்கு அதை நேரடியாக எடுக்கத் தெரியாது. காற்று நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியாவாக்கும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் முதலாவது ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று உலகில் விளையும் உணவில் பெரும்பங்கு இந்த நைதரசனில் நிற்கிறது. நம் வயலும் அப்படித்தான். உரத்தைப் பழிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அதன் பயணத்தைக் கடைசிவரை தொடர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

மண்ணில் விழுந்த யூரியா சில நாட்களில் அமோனியமாக மாறும். அமோனியத்துக்கு நேரேற்றம். களிமண் துணிக்கைகளுக்கு எதிரேற்றம். ஆகவே மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மண்ணில் வாழும் இரண்டு வகைப் பற்றீரியாக்கள் வேலையைத் தொடங்கும். ஒன்று அமோனியத்தை நைத்திரைற்று ஆக்கும். மற்றது அந்த நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்கும். நைத்திரேற்றுக்கும் எதிரேற்றம். களிமண் அதைப் பிடிக்காது, தள்ளிவிடும். வேர் எடுக்காத நைத்திரேற்று அடுத்த மழையோடு, அல்லது அடுத்த இறைப்போடு, கீழே இறங்கும். கீழே என்பது எங்கே? நாம் குடிக்கும் இடம்.

எவ்வளவு இறங்கினால் தொல்லை? குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரைதான் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இலங்கையின் குடிநீர்த் தரநிலையான 614உம் அதே அளவைத்தான் சொல்கிறது. இந்த எண்ணை ஒரு கிணற்றில் வைத்துப் பார்ப்போம். குறுக்களவு 4 மீற்றர், உள்ளே 3 மீற்றர் தண்ணீர். கணக்கிட்டால் ஏறத்தாழ 37,700 லீற்றர். இந்தக் கிணற்று நீர் முழுவதும் 50 மில்லிகிராம் எல்லையைத் தொட, ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைந்த யூரியாவில் உள்ள நைதரசன் போதும்.

ஒரு கிலோ. சில சிரட்டை அளந்து போடும் அளவு. 50 கிலோப் பை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. அது முழுவதும் நைத்திரேற்றாகி நீரில் இறங்கினால் இத்தகைய கிணறுகள் 54ஐ எல்லைவரை கொண்டுபோய் நிறுத்தும்.

நல்ல வேளையாக, முழுவதும் இறங்குவதில்லை. ஒரு பங்கைப் பயிர் எடுக்கிறது, ஒரு பங்கு அமோனியா வாயுவாகக் காற்றுக்குப் போகிறது, ஒரு பங்கு மண்ணின் சேதனப் பொருளோடு கலக்கிறது. மிச்சம் எவ்வளவு கிணற்றுக்குப் போகும் என்பது மண்ணையும் நீர் நிற்கும் விதத்தையும் பொறுத்தது. வன்னியின் கதை அயலூர்க் கதைகளிலிருந்து பிரிவது இந்த இடத்தில்தான்.

சேறு செய்யும் காவல்

காலபோக வயலை நினைத்துப் பாருங்கள். இரணைமடுவின் கீழோ பாவற்குளத்தின் கீழோ சேறடித்து, வரம்பு கட்டி, நீரைத் தேக்கி வைத்திருக்கிறோம். நீர் மூடிய சேற்றில் சில மில்லிமீற்றருக்குக் கீழே ஒட்சிசன் தீர்ந்துபோகும். அங்கே வாழும் பற்றீரியாக்கள் மூச்சுவிட வேறு வழி தேடும். நைத்திரேற்றில் நைதரசனோடு ஒட்சிசன் அணு மூன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவை அந்த ஒட்சிசனைக் கழற்றிச் சுவாசித்துவிட்டு, நைதரசனை வாயுவாக வெளியே விடும். வெறுங்காலோடு சேற்றில் நடக்கும்போது குமிழ் மேலெழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு சிறு பங்கு இப்படி விடுபட்ட நைதரசன். ஒப்பாவில் கற்றுக்கொண்ட வித்தையால் காற்றிலிருந்து பிடித்துப் பையில் அடைத்ததை, பெயர் தெரியாத உயிரிகள் திரும்பக் காற்றுக்கே கொடுக்கின்றன.

கமக்காரருக்கு அது நட்டம். போட்ட உரம் பறந்துபோகிறது. கிணற்றுக்கு அது காவல். நீர் நிற்கும் நெல்வயலைச் சுற்றியுள்ள கிணறுகளில், அதே அளவு உரம் போடும் மேட்டுநிலத் தோட்டத்துக் கிணறுகளைவிடப் பெரும்பாலும் நைத்திரேற்று குறைவாக இருப்பதன் காரணம் இதுதான்.

மேட்டுநிலத்தில் நிலைமை வேறு. மிளகாய், வெங்காயம், கத்தரி, கச்சான், பப்பாசி. மண்ணுக்குள் காற்று தாராளமாகப் போகும்; அமோனியம் விரைவாக நைத்திரேற்றாகும்; சேற்றுப் பற்றீரியாக்கள் செய்யும் வேலை அங்கே பெரும்பாலும் நடப்பதில்லை. கோடையில் நாளுக்கு நாள் இறைக்கிறோம். இறைப்பது எங்கிருந்து? அதே தோட்டத்துக் கிணற்றிலிருந்து. நைத்திரேற்று கலந்த நீரை மேலே எடுத்துப் பயிருக்கு விட்டு, அதன்மேல் மீண்டும் உரம் போட்டு, அது மீண்டும் கிணற்றுக்கு வடிய விடுகிறோம். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சுற்றிலும் கனக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்தது இதுதான். சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய செம்மண். கல்லின் உள்ளே வெடிப்பும் குகையும். மேலே செறிவான தோட்டச் செய்கை. அங்குள்ள தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று எல்லை தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1988இலேயே நாகராஜாவும் உடன் ஆய்வாளர்களும் யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகள் சிலவற்றின் நீரை நைத்திரேற்றை மையமாக வைத்து ஆராய்ந்து, விவசாயத் திணைக்களத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். கிளிநொச்சிக் கிணற்று நீர் ஆய்வுகூடத்துக்குப் போய் நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதற்குப் பிந்திய காலத்தில் எத்தனை கிணறுகள் தூர்ந்தன, எத்தனை திரும்பத் தோண்டப்பட்டன என்பதை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வன்னிக்குக் கீழே பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் இல்லை. புவிச்சரிதவியலாளர்கள் இலங்கையின் பழம்பாறைகளைப் பிரிக்கும்போது ஒரு பெரும் பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான கடும்பாறை அது. பாறைக்கு உள்ளே நீர் நிற்க இடமில்லை. பாறை உக்கி நொறுங்கிய மேற்படையிலும் வெடிப்புகளிலும்தான் நிற்கும். வவுனியாவில் கிணறு வெட்டியவர்களுக்கு இது கைப்பழக்கமாகத் தெரியும்: முதலில் மண், பிறகு கிறவல், பிறகு உக்கல் கல், அதன் பிறகு அலவாங்கு துள்ளும். துள்ளுகிற இடத்துக்கு மேலேதான் நமது நீர்ச் சேமிப்பு முழுவதும். குளம் நிரம்பினால் கிணறு ஊறும், குளம் வற்றினால் கிணறும் இறங்கும் என்று ஊரில் சொல்வதன் காரணமும் இதுவே. படை மெல்லியது. மேலே போடுவது கீழே சேர நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

முல்லைத்தீவுக் கரையோரம் வேறு கதை. அங்கே மணல். மழைநீர் மணலுக்குள் இறங்கி உவர்நீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. மணலுக்குக் களிமண்ணின் பிடிப்பு இல்லை. இன்று போட்டது அடுத்த பெருமழையில் கீழே நிற்கும். வடமேற்கே பூநகரிப் பக்கம் சுண்ணாம்புக் கல்லும் வருகிறது. ஒரே வன்னிக்குள் மூன்று விதமான நிலத்தடி. ஆகவே, "எங்கட பக்கத்துத் தண்ணி நல்லது" என்று ஒரு மாவட்டத்துக்குச் சேர்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

நீலம் பாரித்த குழந்தைகள்

50 மில்லிகிராம் என்ற எல்லை எங்கிருந்து வந்தது? அதற்குப் பின்னால் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பண்ணைக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

1945இல் ஹன்ரர் கொம்லி என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். பண்ணை வீடுகளிலிருந்து கைக்குழந்தைகள் நீலம் பாரித்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இருதயத்தில் குறையில்லை, நுரையீரலிலும் குறையில்லை. மருத்துவமனையில் இருந்தால் தெளிவார்கள். வீட்டுக்குப் போனால் திரும்ப நீலமாவார்கள். கொம்லி வீட்டுக் கிணற்றைச் சந்தேகித்தார். பால்மா கரைத்த கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருந்தது.

குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அதனால் அங்கே வளரும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும். அது இரத்தத்தில் கலந்து, ஈமோகுளோபினில் உள்ள இரும்பை ஒட்சிசன் சுமக்க முடியாத வடிவத்துக்குத் தள்ளிவிடும். இரத்தம் சொக்லேற் நிறமாகும், தோல் நீலமாகும். பெரியவர்களின் உடலில் அந்த இரும்பைத் திருத்தும் நொதியம் போதிய அளவு உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது இன்னும் முழுமையாக வரவில்லை. இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்து மெத்திலீன் நீலம் என்ற ஒரு சாயம். நீலம் பாரித்த குழந்தையை நீலச் சாயம் ஏற்றிச் சிவக்க வைக்கிறார்கள்.

இதில் தாய்மார் அறிய வேண்டியது இரண்டு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, ஏனெனில் தாயின் உடல் நைத்திரேற்றைப் பாலுக்கு அதிகம் விடுவதில்லை. பால்மா கரைத்துக் கொடுக்கும் வீட்டில்தான் கிணற்றைப் பற்றிக் கேட்க வேண்டும். அடுத்தது இதைவிட முக்கியம்: கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். கிருமியிலிருந்து குழந்தையைக் காக்கத் தாய் செய்யும் நல்ல காரியம், இந்த ஒரு பொருளின் விடயத்தில் உதவாது. துணியில் வடிப்பதும், குளோரின் இடுவதும், மண்பானையில் தெளிய வைப்பதும் உதவா.

இளஞ்சிவப்பு சொல்லும் சாட்சி

சுவையில்லாததை எப்படிக் காண்பது? அதற்கு நிறம் கொடுக்க வேண்டும்.

இந்த வழியைத் திறந்தவர் பீற்றர் கிரீஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர். 1858இல் டயசோ சேர்மங்கள் என்ற புதுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். பின்னர் இங்கிலாந்தின் பேர்ட்டனில் ஒரு பியர் வடிசாலையில் வேதியியலாளராக வாழ்நாளைக் கழித்தார். பேர்ட்டன் தன் கிணற்று நீருக்குப் பெயர்போன ஊர். கல்சியம் மிகுந்த அந்த வன்னீர்தான் அதன் பியருக்குச் சுவை கொடுத்தது. கிணற்று நீரை நம்பி வாழ்ந்த ஊரில் வேலை செய்தவரின் வேதியியல், உலகெங்கும் கிணற்று நீரைச் சோதிக்கப் பயன்படுகிறது என்பது எனக்கு மனநிறைவு தரும் பொருத்தம்.

செய்முறை இதுதான். நீரில் உள்ள நைத்திரேற்றை முதலில் நைத்திரைற்றாக மாற்ற வேண்டும்; ஆய்வுகூடத்தில் கட்மியம் நிரப்பிய குழாய்வழியே நீரை ஓட விடுவார்கள், களக் கருவிப் பெட்டிகளில் நாகத் தூள் இருக்கும். பிறகு இரண்டு சோதனைப் பொருள்கள் சேர்க்கப்படும். நைத்திரைற்று அவற்றை இணைக்கும் பாலமாகும். பாலம் அமைந்ததும், நிறமற்றிருந்த நீர் இளஞ்சிவப்பாகும். நைத்திரேற்று எவ்வளவோ அவ்வளவு சிவப்பு. நம் சேலைகளுக்குச் சிவப்பும் செம்மஞ்சளும் தரும் அசோச் சாயங்கள் பிறந்ததும் கிரீஸின் இதே கண்டுபிடிப்பிலிருந்து. சோதனைக் குழாயில் நாம் பார்ப்பது, நம் கிணறு தானே நெய்து காட்டும் ஒரு துளிச் சாயம்.

கையில் பிடிக்கும் சோதனைத் தாளிலும் இதே வேதியியல்தான். தாளை நனைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, நிற அட்டையோடு ஒப்பிட்டால் கிணறு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியும். நுணுக்கமான எண் தாள் தராது. எந்தக் கிணற்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லும். ஆய்வுகூடத்தில் ஒளியலைமானி அந்த நிறத்தை அளந்து எண்ணாகத் தரும்.

அறிக்கை கைக்கு வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். சில அறிக்கைகள் "நைத்திரேற்று" என்று எழுதும். சில "நைத்திரேற்று நைதரசன்" என்று எழுதும். பின்னதில் நைதரசனின் நிறை மட்டும் எண்ணப்படுகிறது. அதை 4.43ஆல் பெருக்கினால்தான் முன்னது வரும். "நைதரசன் 12" என்றால் பார்க்கச் சிறிதாகத் தெரியும். பெருக்கினால் 53, எல்லையைத் தாண்டிவிட்டது.

நீர் எடுப்பதிலும் பக்குவம் உண்டு. கிணற்றில் சற்று இறைத்துவிட்டு எடுக்க வேண்டும். போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலச வேண்டும். உரம் தொட்ட கை போத்தலின் வாயில் படக்கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இயன்றால் அன்றே, பிந்தினால் மறுநாள், ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். வெயிலில் கிடந்தால் போத்தலுக்குள் உள்ள உயிரிகள் நைத்திரேற்றைத் தின்று எண்ணை மாற்றிவிடும். கிருமிச் சோதனைக்கு வேறு போத்தல், அதுவும் கிருமியழித்தது. போத்தலின்மேல் திகதி, நேரம், கிணற்றின் இடம், கடைசியாக உரம் போட்ட நாள் எல்லாம் எழுதப்பட வேண்டும்.

எப்போது எடுப்பது? ஆண்டுக்கு ஒருமுறை போதாது. வன்னியின் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. கோடை முழுவதும் மேல்மண்ணில் சேர்ந்து கிடந்த நைத்திரேற்று, முதல் பெருமழையில் ஒரேயடியாகக் கீழே கழுவப்படலாம். இன்னொரு பக்கம், கோடை இறைப்பில் கிணறு வற்ற வற்றச் செறிவு கூடலாம். ஆவணியில் ஒரு போத்தல், கார்த்திகையில் ஒரு போத்தல் எடுத்தால் கிணற்றின் இரண்டு முகமும் தெரியும்.

யார் போட்டது?

நைத்திரேற்று கூடிவிட்டது என்று அறிக்கை சொன்னால், உடனே உரத்தின்மேல் கை நீட்டத் தோன்றும். பொறுங்கள். மாட்டுப்பட்டியிலிருந்தும், கோழிக் கூட்டிலிருந்தும், மலசலகூடக் குழியிலிருந்தும் அதே நைத்திரேற்றுத்தான் வரும். ஒரே மூலக்கூறு, அதன் முகத்தில் ஊர் எழுதியிருக்காது.

ஆனால் நிறையில் எழுதியிருக்கும். நைதரசன் அணுவில் இரண்டு வகை: 14 நிறையுள்ளது பெரும்பாலானது, 15 நிறையுள்ளது அரிது. உரத்தின் நைதரசன் காற்றிலிருந்து எடுக்கப்பட்டதால் அதன் விகிதம் காற்றின் விகிதத்தை ஒட்டியே இருக்கும். எருவும் மனிதக் கழிவும் உக்கும்போது அமோனியா பறக்கிறது. பறப்பதில் இலேசான அணுக்கள் முந்திக்கொள்ள, கனமானவை பின்தங்கும். எனவே கழிவிலிருந்து வந்த நைத்திரேற்றில் 15இன் பங்கு சற்றே கூடியிருக்கும். திணிவு நிறமாலைமானி இந்தச் சிறு வேறுபாட்டையும் அளந்துவிடும். எல்லாக் கிணற்றுக்கும் இந்த அளவீடு தேவையில்லை. குளோரைட்டும் குடல்வாழ் கிருமிகளும் நைத்திரேற்றோடு சேர்ந்து கூடியிருந்தால், முதலில் மலசலகூடக் குழியைச் சந்தேகிக்கலாம்.

களைநாசினியும் கிருமிநாசினியும் இன்னும் கடினமான கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் ஒரு பீடைகொல்லிக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 0.1 மைக்கிரோகிராம். நாம் கணக்கிட்ட அதே 37,700 லீற்றர்க் கிணற்றை எடுங்கள். ஒரு சிட்டிகை உப்பை எண்பது பங்காக்கி, ஒரு பங்கை அதற்குள் போட்டால் அந்த எல்லை. அதைக் கண்டுபிடிக்க நிறத்தாள் உதவாது. நீரில் உள்ள பொருள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூறையும் உடைத்து, துண்டுகளின் நிறையைப் பார்த்துப் பெயர் சொல்லும் பெரிய கருவி வேண்டும். எந்த மருந்தைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். ஆகவே ஆய்வுகூடத்துக்குப் போகும் முன்னர், அந்தப் போகத்தில் என்ன மருந்து, எப்போது அடித்தோம் என்ற குறிப்பு நம்மிடம் இருக்க வேண்டும். வெற்று மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் சிட்டையே அந்தத் தேடலின் முதல் சாவி.

அளக்காமல் முடிவுக்கு வருவதன் விலையை இந்த நாடு அறியும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் கமக்காரர்களிடையே வெளித்தெரிந்தது. வவுனியாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. வன்னீர், புளோரைட்டு, பாரஉலோகங்கள், களைநாசினி, வெயிலில் வேலை செய்து நீரிழத்தல் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. ஒற்றைக் காரணமாக எதுவும் இன்றுவரை நிறுவப்படவில்லை. கிளைபோசேற் என்ற களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. 2022இல் தடை நீக்கப்பட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, அந்த ஆண்டே திரும்ப அனுமதிக்கப்பட்டது. இடையில் வயலில் இருந்தவர்கள் பட்டது நமக்குத் தெரியும். இந்த மேலும் கீழுமான ஆண்டுகளில் ஒரு வீட்டுக் கிணற்றில் என்ன இருந்தது என்று கேட்டால், அந்த வீட்டாரிடம் ஓர் எண்கூட இல்லை. என்னை வருத்துவது அதுதான். குடிப்பவரின் கையில் அந்த எண் இருந்திருக்க வேண்டும்.

கிணற்றுக்கு ஒரு கொப்பி

நிலத்தடி நீர் மெதுவாக மறக்கும். டென்மார்க்கின் குடிநீர் ஏறத்தாழ முழுவதும் நிலத்தடி நீர். அங்கே 1980களின் நடுவிலிருந்து எருவையும் உரத்தையும் எப்போது, எவ்வளவு போடலாம் என்று சட்டம் வகுத்தார்கள். நாடு முழுவதும் கண்காணிப்புக் கிணறுகளை அளந்துகொண்டே இருந்தார்கள். பிந்திய ஆண்டுகளில் மண்ணுக்குள் இறங்கிய மழைநீரில் நைத்திரேற்று குறைந்திருக்கிறது என்பதை அந்த அளவீடுகள் காட்டின. விளைச்சலைக் கைவிடாமலே இதைச் செய்தார்கள். வன்னியின் உக்கல் படை மெல்லியது; கெட்டது விரைவாக இறங்கும் இடத்தில் நல்லதும் விரைவாக இறங்கும் என்று எதிர்பார்க்க இடமுண்டு.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பயிர் கேட்கும் பருவத்தில் பிரித்துப் போடுவது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது போடாமல் இருப்பது. மண்ணைச் சோதித்து, தேவையான அளவு மட்டும் போடுவது. நெல்லின் இலைப் பச்சையை நிற அட்டையோடு ஒப்பிட்டு யூரியா தேவையா என்று பார்ப்பது. மருந்து அடித்த தாங்கியைக் கிணற்றடியில் கழுவாமல் இருப்பது. கிணற்றுக் கட்டை உயர்த்தி, சுற்றிவரச் சீமெந்துத் தளம் போட்டு, ஓடும் நீர் உள்ளே விழாமல் பார்ப்பது. உரப்பையைக் கிணற்றருகே அடுக்காமல் இருப்பது. இவ்வளவுக்குப் பிறகும் எண் எல்லையைத் தாண்டினால், குழந்தைக்கு மட்டுமாவது வேறு நீர். சவ்வு வழியே நீரை அழுத்தி வடிக்கும் சுத்திகரிப்பு நிலையத்து நீரில் நைத்திரேற்று பெருமளவு நீக்கப்பட்டிருக்கும்.

கேட்பதற்கு இடங்களும் இருக்கின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நம் வீதிக்கு வருகிறவர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு ஆய்வுகூடங்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். அறிவியல்நகரைச் சுற்றிலும் வயலும் கிணறும்தான். அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர்கள்.

2009இல் போர் முடிந்தபின் மீளக் குடியமர வந்த நாட்களை நினைக்கிறேன். கூரை இல்லை, கதவு இல்லை. வந்தவர்கள் முதலில் எட்டிப் பார்த்தது கிணற்றைத்தான். தூர் வாரி, இறைத்து, குளோரின் இட்டு, மீண்டும் ஊறிய முதல் வாளியை மேலே எடுத்தபோது பலர் அழுதார்கள். அந்தக் கிணறு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது அதற்கு ஒரு பள்ளிக் கொப்பி போதும். முதல் பக்கத்தில் கிணற்றின் ஆழம், வெட்டிய ஆண்டு. அடுத்த பக்கங்களில் ஆவணிக்கு ஒரு வரி, கார்த்திகைக்கு ஒரு வரி: திகதி, நீர்மட்டம், நைத்திரேற்று, அந்தப் போகத்தில் போட்ட உரம், அடித்த மருந்து. பிள்ளை எழுதட்டும், நிற அட்டையைப் பிடித்து ஒப்பிடப் பிள்ளையின் கண்தான் கூர்மையானது.

எங்கள் வீட்டுக் கொப்பியில் நான் முதல் வரியை எழுதியது அம்மம்மா இல்லாத ஓர் ஆவணியில். தாள் மெல்லிய இளஞ்சிவப்பு காட்டியது, எல்லைக்கு நன்றாகக் கீழே. எழுதி முடித்ததும் ஒரு கை நீரை அள்ளி வாயில் வைத்து, சற்று நிறுத்தி, விழுங்கினேன். அன்று மதியம் பருப்பும் அவிந்தது. அதையும் அந்த வரியின் ஓரத்தில் குறித்து வைத்தேன்.